ஓடாமை

மெத்வல்லியின் லாரி நின்றுபோனதில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. லாரி என்றால் நிற்கும். எங்கள் 'ஏழு நங்கூரம்' சரக்குக் கம்பெனிக்கு மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு லாரிகள். அவற்றில் ஏதாவது ஒன்று தினமும் எகிப்தின் ஏதாவது ஒரு சாலையோரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கத்தான் செய்யும். 214-ஆம் எண் லாரி செய்த ஒரே மரியாதை, நடுரோட்டில் நிற்காமல் ஆமிரிய்யாவில் இருக்கும் எங்கள் யார்டு வரைக்கும் வந்து, ஒன்பதாம் வரிசையில் சுவரோரமாக ஒழுங்காக நுழைந்து, அதற்குப் பிறகு உயிரை விட்டதுதான்.

நான் அந்த யார்டின் வாசல்காரன். தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்குவது என் வேலை. ஆகவே இதில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை மெத்வல்லியே சொன்னார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். இந்தக் கதையில் அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

மெக்கானிக் குர்ஷி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே ஊர்ந்து வந்தான்.

"உஸ்தா, கியர் பாக்ஸ் மௌத்தாப் போச்சு."

"புதுசு வர எத்தனை நாள் ஆகும்?"

"ஃபாரம் எழுதிக் குடுத்தா நாலு நாள்."

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா வரவே வராது. எழுதினா நாலு நாள்ல வரும்னு சொல்லுவாங்க."

மெத்வல்லி ஃபாரம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. தமன்ஹூர்க்காரர், அங்கே எங்கள் தெருதான். இருபத்தாறு வருடமாக லாரி. மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், மற்ற நாளெல்லாம் அஸ்வான், சூயஸ், மத்ரூஹ் என்று ரோட்டில் இருப்பார். அந்த நாலு நாளும் அவர் வீட்டில் பெருநாள் மாதிரி இருக்கும். மனைவி இஹ்ஸான் வாத்து அடித்துக் குழம்பு வைப்பாள். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிவார்கள். இப்படியொரு நல்ல தாம்பத்தியத்தை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

ஃபாரம் கெய்ரோவிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போன அதே வாரம், எங்கள் பெரிய ஐரோப்பிய வாடிக்கையாளரிடமிருந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் சரக்கை ஏற்றுகிற நீங்கள் எவ்வளவு கரிப்புகை விடுகிறீர்கள், அதில் எவ்வளவு குறைத்தீர்கள், வருகிற கோடைக்குள் அறிக்கை தரவேண்டும், தராவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒப்பந்தம் போனால் கம்பெனியில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே புகைக் கணக்குப் பார்க்க உடனே நிலைத்தன்மைத் துறை என்று ஒன்று திறக்கப்பட்டது. பதினான்காம் மாடியில் இடம் ஒதுக்கினார்கள். அதன் தலைவியாகத் தாலியா ஸுஹ்தி என்ற அம்மையார் வந்தார். முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியில் விளம்பரம் பார்த்தவர்.

துறையின் முதல் சுற்றறிக்கை யார்டில் ஒட்டப்பட்டது. 'உமிழ்வைக் குறைப்பது ஒவ்வொருவரின் கடமை.' டிரைவர்கள் கூடி நின்று வாசித்தார்கள். மறுநாளிலிருந்து யார்டுக்குள் ஒருவரும் எச்சில் துப்பவில்லை. கம்பெனி வரலாற்றில் ஒரு சுற்றறிக்கைக்கு எல்லோரும் கீழ்ப்படிந்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் சுற்றறிக்கை, எந்த உதிரிப் பாகம் வாங்கினாலும் முதலில் பசுமை ஒப்புதல் வேண்டும் என்றது. மெத்வல்லியின் ஃபாரம் அதில் மாட்டிக்கொண்டது. கியர் பாக்ஸ் போட்டால் 214-ஆம் லாரி வருடத்துக்குத் தொண்ணூறு டன் புகை விடும். இப்போது விடுவது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து தொண்ணூறுக்கு ஏறினால் அது எத்தனை சதவீத உயர்வு என்று துறையின் கணினியிடம் கேட்டார்கள். கணினி சிவப்பாகி நின்றுவிட்டது. அணைத்துப் போட்டுக் கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. கணினியையே இப்படிக் கலங்கடிக்கிற லாரி எது என்று பார்க்கத் தாலியா அம்மையார் நேரில் புறப்பட்டு வந்தார்.

வெள்ளைச் சப்பாத்து போட்டு, ஒரு புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். லாரியின் முகப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது போலிருந்தது.

"நீங்கதான் உஸ்தா மெத்வல்லியா?"

"ஆமா மேடம். கியர் பாக்ஸ் கொண்டு வந்தீங்களா?"

"முந்நூத்திப் பன்னெண்டு வண்டில உங்க ஒரு வண்டிதான் நாப்பது நாளா ஒரு கிராம் புகைகூட விடல. எப்படிச் செஞ்சீங்க?"

மெத்வல்லி என்னைப் பார்த்தார். நான் தடுப்புக் கட்டையைப் பார்த்தேன்.

"கியர் பாக்ஸ் போயிடுச்சு மேடம். வண்டி ஓடாது."

"வண்டி ஓடாது," என்று அம்மையார் மெதுவாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். "எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க. மூணு ஆலோசகர்களை வெச்சு நாங்க இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். இந்த எண்ணம் உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

"எண்ணம் எனக்கு வரல மேடம். வண்டிக்கு வந்துச்சு."

அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு படம் எடுத்தார்கள். டயரில் ஒரு கையை வைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பக்கம் சிமெண்டு ஆலை இருந்தது. சரி, இந்தப் பக்கம் பாருங்கள் என்றார்கள். அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. கடைசியில் நேர் மேலே பார்க்கச் சொன்னார்கள். அந்தப் படம்தான் பிறகு எங்கள் கம்பெனி நாட்காட்டியில் பன்னிரண்டு மாதத்துக்கும் வந்தது. கழுத்து பிடித்துக்கொண்ட மனிதர் போல அதில் மெத்வல்லி இருப்பார்.

"கியர் பாக்ஸ் விஷயம்," என்று மெத்வல்லி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் இவ்வளவு அடக்கம், உஸ்தா?" என்றார் அம்மையார். "ஓடாத வண்டி பெருசில்லை. ஓடாம இருக்கணும்னு ஒரு மனுஷன் முடிவெடுத்தாரே, அதான் பெருசு."

ஜனவரியில் கெய்ரோவில் ஒரு பெரிய ஹோட்டலில் விழா நடந்தது. யார்டிலிருந்து எங்களை ஒரு பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். மேடையில் நிர்வாக இயக்குநர் முராத் பே பேசினார். அவர் பேசினால் மைக்குக்கே கொட்டாவி வரும். அன்று மட்டும் எல்லாரும் விழித்திருந்து கேட்டோம்.

"நண்பர்களே, நான் இந்த விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தேன். மறைக்கவில்லை. ஆனால் வருத்தத்தோடு வந்தேன். போன தடவை வந்தபோது எனக்கு அந்த வருத்தம் இல்லை. இதுதான் நாம் அடைந்திருக்கும் முன்னேற்றம்."

கைதட்டினார்கள்.

"நான் ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் ஒரு மரம் நடச் சொல்கிறேன். யாரிடம் சொல்கிறேன், அவர்கள் நடுகிறார்களா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் சொல்வதை நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இன்னும் பதினைந்து வருடத்தில் நம் கம்பெனியின் ஒவ்வொரு லாரியும் உஸ்தா மெத்வல்லியின் லாரியைப் போல ஆகிவிட வேண்டும். இது என் கனவு. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்பதால் முழு மனதோடு வாக்குக் கொடுக்கிறேன்."

மெத்வல்லியை மேடைக்குக் கூப்பிட்டு 'ஆண்டின் பசுமை ஓட்டுநர்' என்று ஒரு கண்ணாடி இலையைக் கொடுத்தார்கள். பழைய பாட்டில்களை உருக்கிச் செய்ததாம். உருக்குவதற்காக எங்கள் நாட்டுப் பாட்டில்களை இத்தாலிக்கு விமானத்தில் அனுப்பித் திருப்பி வரவழைத்தார்களாம். மைக்கைக் கையில் கொடுத்ததும் மெத்வல்லி இருபத்தாறு வருட வாழ்க்கையையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினார்.

"எனக்கு ஒரு கியர் பாக்ஸ் வேணும்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "நாம் எல்லோரும் கியரை மாற்றியாக வேண்டும் என்கிறார்." அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண்மணி அழுதார்.

இறங்கி வந்த மெத்வல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொன்னேன்ல? காதுல விழுந்திருக்கும்ல?"

"விழுந்துச்சு உஸ்தா. நல்லா விழுந்துச்சு."

விழாவுக்கு அடுத்த மாதம் 'மெத்வல்லி முறை' எல்லா யார்டுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. வாரத்துக்கு இத்தனை லாரி என்று கணக்கு வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மெத்வல்லியை முறைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். நாற்பது டிரைவர்கள் நாற்காலி போட்டு உட்கார, அவர் முன்னால் நின்று ஓடாமல் இருப்பது எப்படி என்று வகுப்பு எடுக்க வேண்டும். முதல் வகுப்பில் "சாவியைத் திருப்பாதீங்க" என்றார். இரண்டு மணி நேர வகுப்பு அது. மீதி நேரம் எல்லாரும் தேநீர் குடித்தோம்.

ஏப்ரல் வாக்கில் எங்கள் யார்டில் ஒரு லாரியும் ஓடவில்லை. டிரைவர்கள் லாரிகளின் நிழலில் பாய் விரித்துத் தாயக்கட்டை உருட்டினார்கள்.

"என்ன உஸ்தா, இன்னிக்கு எவ்வளவு தூரம் போகல?"

"அஸ்வான் வரைக்கும் போகல. நீ?"

"நான் சூடான் எல்லை வரைக்கும் போகல. இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

சரக்கு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். அதற்கு வெளி லாரிகளை வாடகைக்குப் பிடித்தார்கள். எங்கள் லாரியைவிடப் பத்து வருடம் மூத்த லாரிகள். கப்பல் போலப் புகை விட்டுக்கொண்டு வரும். அவை யார்டுக்குள் நுழைந்தால் அந்தப் புகை எங்கள் கணக்கில் ஏறும் என்பதால் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும் என்று உத்தரவு. ஆகவே சரக்கைச் சுவர் மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினோம். வாஷிங் மெஷின், டைல்ஸ், ஒரு தடவை ஒரு பியானோ. பியானோ நன்றாகத்தான் ஏறியது. இறங்கும்போது மட்டும் கொஞ்சம் பாடியது.

ஆனால் கடல் காற்று அடித்தால் வெளிப்புகை சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். இதைத் துறைக்கு எழுதினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. சுவரில் மாட்டச் சொல்லி ஒரு பலகை அனுப்பியிருந்தார்கள்: 'வெளிப்புகைக்கு அனுமதி இல்லை.'

இதற்குள் மெத்வல்லியின் வீட்டில் நிலைமை முற்றிவிட்டது. வகுப்பு வாரத்துக்கு ஒருநாள்தான். மற்ற ஆறு நாளும் அவர் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். சமையலறையை லாரி முகப்புப் போல ஆக்கினார். எந்தச் சாமானும் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அஞ்சறைப்பெட்டியைத் தரையில் வைத்தார். வீட்டுக்குள் யார் திரும்பினாலும் முன்கூட்டியே கையைக் காட்டச் சொன்னார். தாந்தாவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ஹனானுக்குத் தினமும் ஃபோன் போட்டு, மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டார்.

ஒருநாள் இஹ்ஸான் கறுப்பு முக்காட்டை உதறிப் போட்டுக்கொண்டு கெய்ரோவுக்குப் பஸ் ஏறினாள். பதினான்காம் மாடிக்குப் போய்த் தாலியா அம்மையாரின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மேடம், என் புருஷன் நல்லவர். இருபத்தாறு வருஷமா அவரை எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சிருந்தேன். மாசத்துக்கு நாலு நாள்ல அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு. அவருக்கு அந்த இரும்பைப் போட்டுக் குடுத்து ரோட்டுல விட்டுடுங்க."

"அவர் வீட்டுல எத்தனை மணி நேரம் இருக்கார்?"

"விடிஞ்சா, பொழுது சாஞ்சா, எப்பவும் இருக்கார்."

"முன்னாடி?"

"இல்ல. அதான் நிம்மதியா இருந்தோம்."

அம்மையார் கணக்குப் போட்டார். அந்த வருட அறிக்கையின் 'சமூக நலன்' பகுதியில் அது இப்படி வந்தது: 'ஓட்டுநர்களின் குடும்ப நேரம் ஏழு மடங்கு உயர்ந்துள்ளது. மனைவியர் இதைத் தெரிவிக்க நேரில் வந்து கண்கலங்கினர்.' இஹ்ஸானின் படமும் போட்டிருந்தார்கள். உண்மையிலேயே அவள் கண் கலங்கித்தான் இருந்தது.

ஜூன் மாதம் ஐரோப்பிய வாடிக்கையாளர் அனுப்பிய தணிக்கையாளர் வந்து சேர்ந்தார். பெயர் கூப்மான்ஸ். ஹாலந்துக்காரர், ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். அரபு தெரியும் என்றார்கள். தெரியத்தான் செய்தது. ஆனால் முழுக்கப் புத்தகத்தில் படித்த அரபு. மனிதர்கள் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. வாசலில் காரிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாயிற்காவலரே, நும் நலம் விழைகிறேன். புகையுமிழா ஊர்தி யாண்டு உளது?"

நான் யோசித்துப் பார்த்து ஒன்பதாம் வரிசையைக் கை காட்டினேன்.

முராத் பே, தாலியா அம்மையார், கம்பெனி வக்கீல் லம்லூம், எல்லாரும் அவர் பின்னாலேயே போனார்கள். கூப்மான்ஸ் லாரியை மூன்று தடவை சுற்றி வந்தார். அடியில் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இவ்வூர்தி இயங்கவல்லதோ?"

"இயங்காது," என்று தாலியா அம்மையார் பெருமையோடு சொன்னார்.

"அங்ஙனமாயின் இது சேமிப்பு அன்று. பட்டினி கிடப்பவன் நோன்பாளி ஆகான். உண்ண உணவிருந்தும் உண்ணாதவனே நோன்பாளி. சரக்கேற்றி, இயங்கும் நிலையில் நின்று, இயங்காதிருத்தல் வேண்டும். நாளை நண்பகல் மீண்டும் வருவேன்."

அவர் கார் வாசலைத் தாண்டியதும் முராத் பே வியர்வையைத் துடைத்தார். "இந்த வண்டிக்கு ஏன் இன்னும் கியர் பாக்ஸ் போடல?"

எட்டு மாதமாக வராத கியர் பாக்ஸ் மறுநாள் காலையில் ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வந்தது. சரக்கு விமானத்தில் இடமில்லையாம். பயணி விமானத்தில் இரண்டு சீட் எடுத்து, பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். குர்ஷி பதினோரு மணிக்குள் அதைப் பொருத்தி முடித்தான். சரக்கு ஏற்றியிருக்க வேண்டும் என்றதால், பக்கத்தில் நின்ற ஒரு டிரெய்லரைப் பூட்டினார்கள். அதில் அஸ்வானுக்குப் போகவேண்டிய சீலிங் ஃபேன்கள் இருந்தன. வாடகை லாரி வராமல் பதினெட்டு நாளாகக் கிடந்தவை. அஸ்வான் கடைக்காரர் ஹாஜ் பிஷாரி தினமும் யார்டுக்கு ஃபோன் செய்வார். "இங்க நாப்பத்தேழு டிகிரி. ஜனங்க என் கடை வாசல்ல உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்க்கிறாங்க" என்பார். வகுப்புக்கு வரும் நாளில் அந்த ஃபோனை எடுப்பது மெத்வல்லிதான்.

நண்பகலுக்குச் சரியாகக் கூப்மான்ஸ் வந்தார். தாலியா அம்மையார் மெத்வல்லியிடம் மூன்று தடவை சொன்னார்: "ஸ்டார்ட் பண்ணணும். முதல் கியர் போடணும். உடனே அணைச்சிடணும். அணைக்கும்போது முகத்துல ஒரு தீர்மானம் தெரியணும்."

"சரி மேடம்."

மீட்டரைப் பார்க்கவேண்டும் என்று கூப்மான்ஸும் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மெத்வல்லி பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினார். எட்டு மாதத் தூசியைக் கக்கிவிட்டு வண்டி உறுமியது. தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மெத்வல்லி கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல இறங்கியது என்று பிறகு சொன்னார். அதற்கப்புறம் நடந்ததைத் தான் முடிவு செய்யவில்லை என்றும், கால் தானாகவே எடுத்துக்கொண்டது என்றும் சொன்னார். முன்பே சொன்னேன், அவருக்குப் பொய் தெரியாது.

லாரி வரிசையை விட்டு வெளியே வந்தது. தாலியா அம்மையார் "தீர்மானம், உஸ்தா, தீர்மானம்" என்று கூடவே ஓடினார். லாரி வாசலுக்கு வந்தது. லாரி வந்தால் கட்டையைத் தூக்குவது என் வேலை. தூக்கினேன்.

உள்ளே நடந்த பேச்சை மெத்வல்லி எனக்குச் சொன்னார்.

"ஓட்டுநரே, நாம் எங்குச் செல்கிறோம்?"

"அஸ்வானுக்கு, பாஷா."

"அஃது எத்துணைத் தொலைவு?"

"ஆயிரத்து நூறு கிலோமீட்டர் இருக்கும்."

கூப்மான்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். பிறகு, "நண்பகல் உணவு?" என்று கேட்டாராம்.

வாதி நத்ரூனில் நிறுத்தி அவித்த பயறும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பதினொரு வருடமாக லாரிப் புகையை அளந்து வந்த மனிதர் அதுவரை ஒரு லாரியில்கூட உட்கார்ந்ததில்லையாம். மின்யாவில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி முகப்பில் வைத்துக்கொண்டார். சோஹாக் வருவதற்குள் எதிரில் வரும் டிரைவர்களை எப்படித் திட்டவேண்டும் என்று கற்றுக்கொண்டு, தன் அரபில் திட்ட ஆரம்பித்துவிட்டார். "ஏ நெறியிலீ, நின் விளக்கைத் தாழ்த்து" என்பாராம். அந்த டிரைவர்கள் பயந்துபோய் உடனே விளக்கைத் தாழ்த்தினார்களாம்.

அஸ்வானில் ஹாஜ் பிஷாரி இரண்டு பேரையும் கட்டிப் பிடித்து அழுதார். காத்திருந்த ஜனங்கள் ஃபேன் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். கூப்மான்ஸும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு விதவையின் வீடு வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர்கள் போய்த் திரும்பிய மூன்று நாளும் கெய்ரோவில் ஒருவரும் தூங்கவில்லை. பூஜ்யம் போய்விட்டது. கணினி மறுபடியும் சிவப்பு. முராத் பே கூட்டம் போட்டார்.

"அவனை வேலையை விட்டுத் தூக்கணும்," என்றார்.

"பசுமை ஓட்டுநர் சார் அவர்," என்றார் தாலியா அம்மையார். "நாட்காட்டியில வேற இருக்கார்."

அப்போதுதான் வக்கீல் லம்லூம் வாயைத் திறந்தார். கம்பெனியில் அவர் வருடத்துக்கு ஒரு தடவைதான் பேசுவார்.

"வண்டியை வெளியே கொண்டுபோக நாம அனுமதி குடுத்தோமா?"

"இல்ல."

"அனுமதி இல்லாமக் கொண்டுபோனா அதுக்குப் பேர் திருட்டு. திருட்டு வண்டி விடற புகை யாரோடது?"

"திருடனோடது," என்றார் தாலியா அம்மையார் மெல்ல. அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது.

யார்டுக்கு வந்து கூப்மான்ஸிடம் கேட்டார்கள். அவர் அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கியிருந்தார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. கையில் ஹாஜ் பிஷாரி கொடுத்த பேரீச்சம்பழக் கூடை. பையிலிருந்து தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"நாற்பத்திரண்டாம் விதிப்படி, களவாடப்பட்ட ஊர்தியின் புகை களவாடியவனையே சாரும். நிறுவனத்தின் கணக்கு பூஜ்யமே."

"உங்களைக் கடத்திட்டுப் போனதா ஒரு புகார் எழுதணுமா?" என்று லம்லூம் கேட்டார்.

"கடத்தப்பட்டேன் அல்லேன்," என்றார் கூப்மான்ஸ். "விருந்தோம்பப்பட்டேன்."

வேலை போய்விட்டது என்று நினைத்துச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்ற மெத்வல்லியிடம் தாலியா அம்மையார் வந்தார். கையை நீட்டினார். மெத்வல்லி சாவியை அதில் வைத்தார். அம்மையார் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உஸ்தா, அடுத்தது எப்பத் திருடப் போறீங்க?"

மெத்வல்லிக்குப் புரியவில்லை. நான்தான் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அன்று மாலை அவர் வீட்டில் வாத்துக் குழம்பு. இஹ்ஸான் என் மனைவியிடம் சொன்னாளாம்: "திருடன் பொண்டாட்டின்னு யார் வேணாச் சொல்லிட்டுப் போகட்டும். என் அஞ்சறைப்பெட்டி மேல ஏறிடுச்சு."

ஒப்பந்தம் கிடைத்தது. சுவர் மேலே சரக்கு ஏற்றுவது நின்றது. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு எகிப்து முழுக்க எங்கள் கம்பெனியின் முந்நூற்றுப் பன்னிரண்டு லாரிகளும் திருடு போகின்றன. வேலை முடிந்ததும் திருடர்களே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அறிக்கையில் கரிப்புகை பூஜ்யம். முராத் பேவுக்கு வெளிநாட்டில் ஒரு விருது கொடுத்தார்கள், வருத்தத்தோடு பறந்துபோய் வாங்கி வந்தார்.

போன வாரம் ஆமிரிய்யா காவல் நிலையத்திலிருந்து புதிதாக வந்த ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார்.

"இந்த யார்டுல ஒரு மாசத்துல ஆயிரத்து இருநூறு லாரி திருட்டு. இந்தக் குடியரசுலயே இப்படி ஒரு இடம் கிடையாது. நீ இங்க காவல்தானே? என்ன புடுங்கிக்கிட்டிருக்கே?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் அடித்தது. மெத்வல்லி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பின்னால் முப்பத்தொன்பது லாரிகள், எஞ்சின் ஓட, வரிசையாக நின்றன.

"பாஷா, மன்னிச்சுக்குங்க, ஜீப்பைக் கொஞ்சம் தள்ளி விடணும்," என்றேன் அதிகாரியிடம். "திருட்டுக்கு நேரமாகுது."

அவர் ஜீப்பைத் தள்ளி விட்டார். நான் வாசல் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மெத்வல்லியின் ஜன்னலருகே போனேன்.

"திருடிட்டா போறீங்க, உஸ்தா?"

"ஆமாப்பா. சூயஸுக்கு."

"இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுத் திருடுங்க."